காவி தியாகம், வெள்ளை அமைதி, பச்சை செழிப்பு... இதை யார் சொன்னது?



"நமது தேசியக் கொடியின் மூன்று நிறங்களும் எவற்றைக் குறிக்கின்றன?" ஐந்தாம் வகுப்பிலிருந்து நாம் எழுதி எழுதிச் சலித்த இரண்டு மதிப்பெண் கேள்வி இது. காவி தியாகம், வெள்ளை அமைதி அல்லது உண்மை, பச்சை செழிப்பு. நடுவில் அசோகச் சக்கரம், 24 ஆரங்கள். முடிந்தது. முழு மதிப்பெண்!

ஆனால் தேர்வறைக்கு வெளியே வந்தால் இன்னொரு விடையும் காதில் விழுகிறது. "காவி இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு, வெள்ளை மற்றவர்களுக்கு." டீக்கடையிலும் சொல்கிறார்கள், வாட்ஸ்அப்பிலும் வருகிறது. படித்தவர்களே இதைத்தான் "உண்மையான அர்த்தம்" என்றும், பாடப்புத்தகத்தில் இருப்பது சும்மா மேல்பூச்சு என்றும் நினைக்கிறார்கள். அதனால் கொடியின் வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகவே தேடிப் படித்தேன். படித்தபின் எனக்குத் தோன்றுவது இதுதான். அந்த இரண்டாவது விடை ஒரு காலத்தில் சரியாகவே இருந்தது. அதைக் காங்கிரஸ் 1931-ல் கூடிப் பேசி, தீர்மானம் போட்டு நீக்கியது. நாம் மனப்பாடம் செய்யும் அந்தச் சப்பென்ற ஒற்றை வரிக்குப் பின்னால் பத்து வருட வாக்குவாதம் இருக்கிறது.

முதலில் கொடிகளின் கதையை வேகமாகப் பார்த்துவிடுவோம்.

1906 ஆகஸ்ட் 7 அன்று கல்கத்தாவில் பார்சி பகான் சதுக்கத்தில் ஒரு மூவண்ணக் கொடி ஏற்றப்பட்டது. வங்கப் பிரிவினைக்கு எதிரான சுதேசி இயக்கம் கொதித்துக்கொண்டிருந்த நேரம் அது. கொடியில் எட்டுத் தாமரைகள், நடுவில் "வந்தே மாதரம்" என்ற எழுத்துகள், கீழே சூரியனும் பிறையும். ஏறக்குறைய இதே அமைப்பில் ஒரு கொடியை 1907 ஆகஸ்ட் 22-ல் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில், சர்வதேச சோஷலிஸ்ட் மாநாட்டு மேடையில் மேடம் பிகாஜி காமா விரித்துக் காட்டினார். வெளிநாட்டு மண்ணில் "இது இந்தியாவின் கொடி" என்று சொல்லி ஒருவர் நின்றது பெரிய விஷயம்தான். ஆனால் இந்தக் கொடிகள் சாதாரண மக்களிடம் பரவவில்லை. பூ, நட்சத்திரம், எழுத்து, சூரியன், பிறை என்று எல்லாவற்றையும் ஒரே துணியில் அடைத்தால் எவர்தான் வரைய முடியும்?

அடுத்தது ஹோம்ரூல் கொடி. 1917-ல் அன்னி பெசன்ட்டும் திலகரும் பயன்படுத்தியது. ஐந்து சிவப்புப் பட்டைகள், நான்கு பச்சைப் பட்டைகள், ஏழு நட்சத்திரங்கள் சப்தரிஷி மண்டல வடிவில். ஒரு மூலையில் பிறையும் நட்சத்திரமும், இன்னொரு மூலையில்... பிரிட்டனின் யூனியன் ஜாக்! அன்று கேட்டது முழு விடுதலை அல்ல, பேரரசுக்குள் சுயாட்சி. அதனால் அந்த மூலை அவர்களுக்கு. இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. இந்தக் கொடிக்குத் தடை விதித்தவர் கோயம்புத்தூர் மாஜிஸ்திரேட் ஒருவர். 1917 ஜூனில் பெசன்ட் அம்மையாரைக் கைது செய்து ஊட்டியில் காவலில் வைத்தபோது, தங்கியிருந்த வீட்டுத் தோட்டத்திலேயே சிவப்பு பச்சைக் கொடியை ஏற்றிவைத்தார் அவர். யூனியன் ஜாக் இருந்த கொடியையே பிரிட்டிஷ் அதிகாரிகளால் பொறுக்க முடியவில்லை என்பதுதான் வேடிக்கை.

சிவப்பு, பச்சை என்ற இரண்டு நிறங்களும் இந்தக் காலத்தில்தான் சேர்ந்து நிற்கத் தொடங்கின. இனிமேல்தான் நம் கதை.

பிங்கலி வெங்கய்யா

மசூலிப்பட்டினத்துக்குப் பக்கத்திலுள்ள பட்லபெனுமர்ரு கிராமத்துக்காரர். இளவயதில் போயர் போருக்காகத் தென்னாப்பிரிக்கா போய்வந்தவர். பருத்தி ஆராய்ச்சி செய்ததால் "பத்தி வெங்கய்யா", ஜப்பானிய மொழி தெரிந்ததால் "ஜப்பான் வெங்கய்யா", பிற்காலத்தில் வைரம் பற்றிய ஆராய்ச்சியால் "டைமண்ட் வெங்கய்யா" என்று ஆளுக்கொரு பெயர் வைத்து அழைத்தார்கள். 1916-ல் இந்தியாவுக்கு ஒரு தேசியக் கொடி வேண்டும் என்று பல மாதிரிப் படங்களோடு ஒரு சிறு நூலே வெளியிட்டார். காங்கிரஸ் மாநாடு எங்கே நடந்தாலும் படங்களைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பாராம். அதனால் கிடைத்த பெயர் "ஜண்டா வெங்கய்யா". நம்மிடையேயும் இப்படி ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டு திரியும் நண்பன் ஒருவன் இருப்பான் இல்லையா, அந்த ரகம்.

ஆனாலும் அவருடைய படங்கள் எதுவும் காந்தியைக் கவரவில்லை. கவர்ந்தது ஜலந்தரைச் சேர்ந்த லாலா ஹன்ஸ்ராஜ் சொன்ன யோசனை: கொடியில் ராட்டை இருக்கட்டும். 1921-ல் பெஜவாடாவில் (இன்றைய விஜயவாடா) அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி கூடியபோது, காந்தி வெங்கய்யாவைக் கூப்பிட்டு, சிவப்பும் பச்சையுமான பின்னணியில் ஒரு ராட்டை போட்டுக் கொடி வரைந்து தரச் சொன்னார். மூன்றே மணி நேரத்தில் வந்துவிட்டது கொடி! அப்படியும் கமிட்டி முன்னால் வைக்க நேரம் தப்பிவிட்டது. "தாமதமானது நல்லதாய்ப் போயிற்று" என்ற பொருளில் காந்தியே பின்பு 'யங் இந்தியா' பத்திரிகையில் எழுதினார்.

ஏன் நல்லது? சிவப்பு இந்துக்களுக்கு, பச்சை முஸ்லிம்களுக்கு என்றுதான் அன்று அவர் நினைத்திருந்தார். அப்படியானால் கிறிஸ்தவர்கள், சீக்கியர்கள், பார்சிகள், யூதர்கள் எங்கே? யோசித்துப் பார்த்து மற்ற எல்லா மதத்தவருக்குமாக வெள்ளையைச் சேர்த்தார். ஆக, டீக்கடை விளக்கம் யாரோ கிளப்பிவிட்ட புரளி அல்ல. 1921-ல் காந்தி சொன்னதேதான்.

ஆனால் இதிலும் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தக் கொடியில் நிறங்களின் வரிசை இன்றைய வரிசை அல்ல. மேலே வெள்ளை, நடுவில் பச்சை, கீழே சிவப்பு. எண்ணிக்கையில் மிகச் சிறியவர்கள் மேலே, பெரும்பான்மையினர் எல்லோருக்கும் கீழே. பலமுள்ளவர் பலமில்லாதவருக்குக் கேடயமாக நிற்க வேண்டும் என்பது காந்தியின் விளக்கம். மூன்று பட்டைகளின் மீதும் பெரிய ராட்டை. சமாதானமும் சமத்துவமும் பேசுவதற்கு வரிசையையே பயன்படுத்திய இந்தக் கொடி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாட்ஸ்அப்காரர்கள் 1921-ன் பொருளைத்தான் சொல்கிறார்கள் என்றால், 1921-ன் வரிசையையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அதை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறார்கள்.

இந்தக் கொடியைக் காங்கிரஸ் முறைப்படி ஏற்கவில்லை. ஆனால் மக்கள் ஏற்றுக்கொண்டார்கள். 1923-ல் ஜபல்பூரிலும் நாக்பூரிலும் கொடியை ஏந்திப் போகும் உரிமைக்காகவே சத்தியாக்கிரகம் நடந்தது. நாக்பூரில் ஆங்கிலேயர் வசித்த சிவில் லைன்ஸ் பகுதிக்குள் கொடியோடு நுழையக் கூடாது என்று தடை. நாள்தோறும் தொண்டர்கள் போனார்கள், நாள்தோறும் கைதானார்கள். ஜம்னாலால் பஜாஜ் சிறைக்குப் போனபின் வல்லபாய் படேல் வந்து தலைமை ஏற்றார். ஆயிரத்துக்கும் அதிகமானவர்கள் கைது. ஒரு துணியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு தெருவில் நடப்பதற்காக!

1931: பொருள் மாறிய வருடம்

மதத்துக்கு ஒரு நிறம் என்று தொடங்கினால் என்ன ஆகும்? எல்லோரும் பங்கு கேட்பார்கள். கேட்டார்கள். எங்களை "மற்றவர்கள்" என்ற வெள்ளைக்குள் அடக்காதீர்கள், எங்களுக்கென்று ஒரு நிறம் கொடுங்கள் என்றார்கள் சீக்கியர்கள். அவர்கள் கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. இருவருக்குத் தனித்தனி நிறம் உண்டு என்றால் மூன்றாமவருக்கு ஏன் இல்லை? ஆனால் அடுத்து நான்காமவர், ஐந்தாமவர் வருவார். கொடி வானவில்லாக ஆகிவிடும், சண்டை மட்டும் தீராது.

1931 ஏப்ரலில் காங்கிரஸ் காரியக் கமிட்டி ஏழு பேர் கொண்ட குழுவை அமைத்தது. படேல், ஆசாத், நேரு, மாஸ்டர் தாரா சிங், காகா காலேல்கர், ஹர்டிகர், பட்டாபி சீதாராமய்யா. குழுவின் பரிந்துரை பலரும் எதிர்பாராதது. பட்டைகளே வேண்டாம், கொடி முழுவதும் ஒரே கேசரி நிறம், ஒரு மூலையில் ராட்டை. இந்தியர் எல்லோரும் ஏற்கக்கூடிய, இந்த நாட்டோடு நெடுங்காலம் சேர்ந்து வந்த நிறம் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். ஆசாத்தும் தாரா சிங்கும் இருந்த குழு இதைச் சொன்னது என்பதை இன்றைக்கு நம்புவதே கடினம். நிறங்களுக்கும் காலத்துக்குக் காலம் ஜாதகம் மாறும் போலிருக்கிறது.

1931 ஆகஸ்டில் மும்பையில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி இந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. மக்கள் ஏற்கெனவே மூவர்ணத்தோடு பழகிவிட்டார்கள், அதற்காக அடிபட்டுச் சிறைக்கும் போயிருக்கிறார்கள். எனவே மூன்று நிறங்கள் நீடித்தன. சிவப்பு மட்டும் காவியாயிற்று. மேலே காவி, நடுவில் வெள்ளை, கீழே பச்சை. வெள்ளைப் பட்டையின் நடுவில் நீல ராட்டை. நீள அகலம் மூன்றுக்கு இரண்டு.

இதோடு நின்றிருந்தால் ஒரு அலங்கார மாற்றம் என்று விட்டுவிடலாம். தீர்மானத்தில் இன்னொன்றும் எழுதப்பட்டது. இந்த நிறங்களுக்கு மத அடிப்படையில் எந்தப் பொருளும் கிடையாது என்று வெளிப்படையாகவே அறிவித்தார்கள். காவி வீரத்துக்கும் தியாகத்துக்கும், வெள்ளை அமைதிக்கும் உண்மைக்கும், பச்சை நம்பிக்கைக்கும் வீரப் பண்புக்கும், ராட்டை பொதுமக்களின் எதிர்காலத்துக்கும் அடையாளம் என்றார்கள். அந்த ஆகஸ்ட் 30-ம் தேதி நாடெங்கும் கொடி நாளாகக் கொண்டாடப்பட்டது.

நிறங்கள் கிட்டத்தட்ட அதே நிறங்கள்தான். மாறியது பொருள். பழைய சோற்றுப் பானையில் புதுச் சோறு வடித்த மாதிரி! இது வெறும் வார்த்தை ஜாலம் என்று சிலர் சொல்லலாம். நான் அப்படி நினைக்கவில்லை. மதத்துக்கு ஒரு பட்டை என்றால் கொடியில் எனக்கு ஒரு மூன்றில் ஒரு பங்குதான் சொந்தம். பண்புக்கு ஒரு பட்டை என்றால் மூன்றும் எனக்குச் சொந்தம், உங்களுக்கும் மூன்றும் சொந்தம். 1931-ல் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் தீர்த்தது இந்தக் கணக்கைத்தான்.

சரி, தீர்மானம் போட்டுவிட்டால் மக்கள் மனத்தில் பழைய பொருள் அழிந்துவிடுமா? அழியவில்லை, இன்றும் அழியவில்லை. ஆனால் எது அதிகாரபூர்வமானது என்பதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இந்தக் கொடியை ஏற்று ஆறு மாதம் ஆவதற்குள் நம் திருப்பூரில் அது இரத்தத்தில் நனைந்தது. சென்னிமலையில் பிறந்த குமரன், 1932 ஜனவரி 10 அன்று தடையை மீறிக் கொடி ஊர்வலம் போனபோது தடியடியில் மண்டை உடைந்து விழுந்தார். மறுநாள் இறந்தார். வயது 27. விழுந்த நிலையிலும் கொடியைக் கையிலிருந்து விடாததால் அவர் "கொடி காத்த குமரன்". நம் பள்ளி ஆண்டு விழா நாடகங்களில் குமரன் வேடம் போட்ட பையன் கையில் எப்போதும் அசோகச் சக்கரக் கொடிதான் இருக்கும். 1932-ல் ஏது அசோகச் சக்கரம்? இனி நாடகம் போடும் நண்பர்கள் ராட்டை வரைந்துகொள்ளவும்!

அதே மாதம், ஜனவரி 26-ம் தேதி, ஆர்யா என்கிற பாஷ்யம் இரவோடு இரவாகச் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கொடிமரத்தில் ஏறி யூனியன் ஜாக்கை இறக்கிவிட்டு நம் கொடியைப் பறக்கவிட்டார். விடிந்ததும் கோட்டையே திகைத்து நின்றிருக்கும். குமரனைத் தெரிந்த அளவுக்கு நம் தலைமுறைக்குப் பாஷ்யத்தைத் தெரியவில்லை என்பது வருத்தமான விஷயம்.

ராட்டை போய்ச் சக்கரம் வந்தது

1947 ஜூன் 23-ல் அரசியல் நிர்ணய சபை கொடிக்காக ஒரு குழு அமைத்தது. தலைவர் ராஜேந்திர பிரசாத். ராஜாஜி, ஆசாத், சரோஜினி நாயுடு, முன்ஷி, அம்பேத்கர் முதலானோர் உறுப்பினர்கள். இதற்கிடையில் மவுண்ட்பேட்டன் தன் பங்குக்கு ஒரு படம் வரைந்து நேருவுக்கு அனுப்பினார். மூவர்ணக் கொடியின் மூலையில் சின்னதாக ஒரு யூனியன் ஜாக்! நேரு மறுத்துவிட்டார்.

குழுவுக்கு முன்னால் இருந்த பெரிய சிக்கல், காங்கிரஸ் என்ற ஒரு கட்சியின் கொடி எப்படி நாட்டின் கொடியாகும் என்பது. அப்படியே எடுத்தால் மற்றவர்கள் ஏற்க மாட்டார்கள். முழுவதும் மாற்றினால் அதற்காக உயிர் விட்டவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நிறங்களை வைத்துக்கொண்டு ராட்டையை எடுத்துவிட்டு, சாரநாத் அசோகத் தூணின் சிங்கங்களுக்குக் கீழே உள்ள பலகையிலிருக்கும் சக்கரத்தை வைத்தார்கள்.

1947 ஜூலை 22. நேரு தீர்மானத்தை முன்மொழிந்தார். பட்டில் ஒன்று, பருத்தியில் ஒன்று என இரண்டு கதர்க் கொடிகளைச் சபையில் காட்டினார். ராட்டையை ஏன் எடுத்தோம் என்பதற்கு அவர் சொன்ன காரணம் மிகச் சாதாரணமானது. கொடியில் உள்ள சின்னம் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றுபோலத் தெரிய வேண்டும். ராட்டையில் சக்கரம் ஒரு பக்கம், கதிர் ஒரு பக்கம். பின்னாலிருந்து பார்த்தால் திரும்பிவிடும். ராட்டையின் முக்கியமான பாகமான சக்கரத்தை மட்டும் வைத்துக்கொண்டோம் என்றார். உண்மையான காரணம் இது மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் காகிதத்தில் ராட்டை வரைந்து வெளிச்சத்தில் பின்பக்கமாகப் பிடித்துப் பாருங்கள், அவர் சொன்னதும் சரிதான்.

அன்றைய விவாதத்தைப் படிப்பது நல்ல அனுபவம். எச்.வி.காமத் சக்கரத்துக்குள் ஸ்வஸ்திகம் சேர்க்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்திருந்தார். கொடியை நேரில் பார்த்ததும் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஆதிவாசிகளின் சார்பில் பேசிய ஜெய்பால் சிங், கொடியேற்றுவது நாகரிகமடைந்தவர்களின் தனியுரிமை என்று நினைக்கிறீர்கள், எங்கள் சோட்டா நாக்பூரில் ஒவ்வொரு கிராமத்துக்கும் தனித்தனிக் கொடி நெடுங்காலமாகவே உண்டு என்ற பொருளில் பேசினார்.

நேரு, இந்த நிறங்களுக்கு மதப் பொருள் கற்பிக்க வேண்டாம் என்று மறுபடியும் சொன்னார். பிறகு பேசிய டாக்டர் ராதாகிருஷ்ணன் நிறங்களுக்கு ஒரு விளக்கம் தந்தார். வெள்ளை ஒளி, நம்மை நடத்தும் உண்மையின் பாதை. பச்சை மண்ணோடு நமக்குள்ள உறவு. எல்லா உயிரும் சார்ந்திருக்கும் பயிர் பச்சைகளோடு நமக்குள்ள உறவு. சக்கரம் அறம், அத்தோடு இயக்கம். நின்று போனால் சாவு, ஓடினால் வாழ்வு. காவி? அது துறவு. யாருடைய துறவு தெரியுமா? தலைவர்களுடையது! நம் தலைவர்கள் பொருள் ஆதாயத்தில் பற்று வைக்காமல் வேலையில் ஈடுபட வேண்டும் என்பதன் அடையாளம் காவி என்றார் அவர். பாடப்புத்தகத்தில் இதைச் சுருக்கி "தியாகம்" என்று போட்டுவிட்டார்கள். படிக்கும் பிள்ளைகள் தாங்கள்தான் தியாகம் செய்ய வேண்டும் போல என்று நினைத்துக்கொள்கிறோம். ஆட்சி செய்கிறவர்களுக்கு வைத்த நிபந்தனை அது!

இன்னொன்று கவனியுங்கள். பச்சை 1921-ல் இஸ்லாம், 1931-ல் நம்பிக்கையும் வீரப் பண்பும், 1947-ல் மண்ணும் பயிரும். இருபத்தாறு வருடத்தில் மூன்று பொருள்கள். அதனால் "உண்மையான அர்த்தம்" ஒன்று எங்கோ ஒளிந்திருக்கிறது என்று தேடுவது வீண் வேலை. அந்தந்தக் காலத்தில் கூடிப் பேசி ஒப்புக்கொண்டதுதான் அர்த்தம்.

24 ஆரங்களுக்கு அன்பு, பொறுமை, வீரம் என்று 24 குணங்களைப் பட்டியல் போட்டுச் சுற்றுக்கு விடுகிறார்களே, அரசியல் நிர்ணய சபையின் தீர்மானத்தில் அப்படி எதுவும் இல்லை. சாரநாத் தூண் பலகையிலுள்ள சக்கரத்தின் வடிவம் என்று மட்டுமே இருக்கிறது. காவி என்று நாம் சொல்லும் நிறத்துக்குத் தீர்மானம் வைத்த பெயர் 'கேசரி'. தமிழில் கேசரி என்றால் நமக்கு நினைவுக்கு வருவது வேறு! ஆனால் யோசித்தால் காவி உடையின் மங்கலான நிறத்தைவிட ரவா கேசரியின் நிறம்தான் கொடிக்கு நெருக்கம்.

காந்திக்கு ராட்டை போனது பிடிக்கவில்லை. 1947 ஆகஸ்ட் தொடக்கத்தில் லாகூரில் பேசும்போது, இந்தியக் கொடியில் ராட்டை இல்லாவிட்டால் அந்தக் கொடிக்கு நான் வணக்கம் செலுத்த மாட்டேன் என்ற அளவுக்குச் சொன்னார். தேசப்பிதாவே தேசியக் கொடியை வணங்க மறுப்பேன் என்றார்! அவரைத் தேசவிரோதி என்று அன்று யாரும் திட்டவில்லை.

1955-ல் இந்தித் திணிப்பை எதிர்த்து ஆகஸ்ட் 1 அன்று தேசியக் கொடியை எரிப்போம் என்று பெரியார் அறிவித்ததும் இந்த வரிசையில் வர வேண்டிய செய்தி. இந்தி திணிக்கப்படாது என்று முதலமைச்சர் காமராஜர் உறுதி அளித்தபின் போராட்டம் கைவிடப்பட்டது. எரிப்பது சரியா தவறா என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. ஆனால் அன்று அதற்குக் கிடைத்த முதல் பதில் கைவிலங்கு அல்ல, ஒரு வாக்குறுதி. பின்னால் 1971-ல் தேசியச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது. கொடியை எரித்தால் மூன்றாண்டு வரை சிறை.

துணியின் கதை

ராட்டை படத்திலிருந்து போனாலும் கொடியை விட்டு உடனே போய்விடவில்லை. கொடி கதரில்தான் இருக்க வேண்டும். கையால் நூற்று, கையால் நெய்த பருத்தி, பட்டு அல்லது கம்பளி. சக்கரம் மட்டும் மிஞ்சிய ராட்டை, துணியின் ஒவ்வொரு இழையிலும் இருந்தது. இந்தியத் தரக்கட்டுப்பாட்டு அமைப்பு வெளியிட்ட தரநிலைகளில் எண் 1 எது தெரியுமா? தேசியக் கொடிதான். 1951-ல் வந்தது. துணியின் எடை, இழை எண்ணிக்கை, சாயத்தின் அளவு எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. மிகப் பெரிய அளவு 21 அடிக்கு 14 அடி, மிகச் சிறியது 6 அங்குலத்துக்கு 4 அங்குலம்.

இந்தத் தரத்தில் கொடி செய்யும் இடம் கர்நாடகாவின் ஹூப்ளி நகரத்தில் பெங்கேரி பகுதியில் இருக்கும் கதர் கிராமத் தொழில் கூட்டமைப்பு. 1957-ல் தொடங்கப்பட்டது. பாகல்கோட் பக்கத்துக் கிராமங்களில் நூற்று நெய்த துணி இங்கே வந்து, சாயமேறி, சக்கரம் அச்சாகி, கொடியாகிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கொடியை யார் ஏற்றலாம் என்பதிலும் ஒரு வழக்கு நடந்தது. சுதந்திரம் வந்து அரை நூற்றாண்டு ஆகியும் நீங்களும் நானும் நினைத்த நாளில் வீட்டில் கொடி ஏற்ற முடியாது. சுதந்திர தினம், குடியரசு தினம் போன்ற நாட்களில் மட்டுமே அனுமதி. அமெரிக்காவில் படித்துவிட்டு வந்த தொழிலதிபர் நவீன் ஜிண்டால், ராய்கரில் இருந்த தன் ஆலையில் தினமும் கொடியேற்ற, அதிகாரிகள் தடுத்தார்கள். அவர் நீதிமன்றம் போனார். 2002 ஜனவரி 26 முதல் புதிய கொடி விதிமுறை வந்து எல்லோருக்கும் எல்லா நாளும் அனுமதி கிடைத்தது. 2004 ஜனவரி 23 அன்று உச்ச நீதிமன்றம், மரியாதையோடு கொடி ஏற்றுவது பேச்சுரிமையின் ஒரு பகுதி, அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. கொடியோடு தெருவில் நடக்க நாக்பூரில் சிறை சென்றவர்களை நினைத்தால், நம் சொந்த அரசிடமிருந்து அந்த உரிமையைப் பெற இத்தனை வருடமா என்று இருக்கிறது.

அடுத்த மாற்றம் 2021 டிசம்பர் 30-ல் வந்தது. இயந்திரத்தில் நெய்த துணியும், பாலியெஸ்டரும் கொடிக்கு அனுமதிக்கப்பட்டன. 2022 ஜூலையில் இரவிலும் பறக்கவிடலாம் என்று ஆனது. அந்த ஆகஸ்டில் வீடுதோறும் கொடி இயக்கம். கோடிக்கணக்கான வீடுகளில் கொடி பறந்தது. என் தெருவிலும் முன்பு எப்போதும் பார்க்காத அளவுக்குப் பறந்தது. விலை குறைந்தால்தான் ஏழை வீட்டிலும் கொடி இருக்கும் என்ற வாதத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் அதே ஜூலையில் பெங்கேரியில் கொடி தைக்கும் தொழிலாளர்கள் இந்த மாற்றத்தை எதிர்த்துப் போராட்டம் நடத்தினார்கள். அந்த வருடம் நம்மில் எத்தனை பேருக்கு அந்தச் செய்தி தெரிந்தது?

படத்திலிருந்து ராட்டையை எடுக்க 1947-ல் ஒரு குழு உட்கார்ந்து பேசியது, சபையில் காரணம் சொன்னார்கள், காந்தி எதிர்த்தார், எல்லாம் பதிவாகி இருக்கிறது. துணியிலிருந்து ராட்டையை எடுக்க ஒரு அரசாணை போதுமானதாக இருந்தது.

இதையெல்லாம் வடிவமைத்தவர் யார் என்றும் ஒரு சர்ச்சை ஓடிக்கொண்டிருக்கிறது. பாடப்புத்தகம் பிங்கலி வெங்கய்யா என்கிறது. 1947-ன் சக்கரக் கொடிக்கு ஐ.சி.எஸ். அதிகாரி பத்ருதீன் தயாப்ஜியும் அவர் மனைவி சுரையாவும்தான் காரணம் என்று வேறு சிலர் சொல்கிறார்கள். 1921-ன் கொடியையும் 1947-ன் கொடியையும் ஒன்றாகக் குழப்பாவிட்டால் இந்தச் சண்டையில் பாதி இருக்காது என்பது என் எண்ணம்.

கடைசியாக ஒரு செய்தி. செங்கோட்டையில் நேரு முதன்முதலாகக் கொடியேற்றியது ஆகஸ்ட் 15 அல்ல, 16-ம் தேதி. சென்னையில் 15-ம் தேதி அதிகாலையிலேயே ஏற்றிவிட்டார்கள், பாஷ்யம் ஏறிய அதே செயின்ட் ஜார்ஜ் கோட்டையில். அந்தப் பட்டுக்கொடி இன்றும் கோட்டை அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. பீச் ஸ்டேஷனிலோ கோட்டை ஸ்டேஷனிலோ இறங்கினால் நடக்கும் தூரம்தான். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் போய்ப் பாருங்கள்.